எல்கடுவ, ஏழாம் நம்பர் மலை, பறிக்கப்படாத கொழுந்து

எல்கடுவ போக வழி கேட்டு எனக்கு வரும் மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் நீர்வீழ்ச்சியைப் பற்றியவை. தனியாகப் போகலாமா, எத்தனை மணிக்கு பஸ், அட்டை கடிக்குமா. இந்தப் பதிவில் பஸ் உண்டு, நேரம் உண்டு, காசுக் கணக்கும் உண்டு. நீர்வீழ்ச்சி இல்லை. இந்த முறை நான் அதைப் பார்க்கப் போகவில்லை.

பெப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை, என் பல்கலைக்கழகத் தோழி பர்ஹானாவோடு எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். பர்ஹானா மாத்தளை நகரத்துப் பிள்ளை. உளவளத்துணையாளர். நான்கைந்து பேர் சேர்ந்த அவர்களுடைய சிறிய குழு, லீவு நாட்களில் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் போய் மக்களோடு பேசுகிறது. வழக்கமாக அவளோடு போகும் பெண்ணுக்கு அந்த வாரம் காய்ச்சல். "தாய்மார் உள்ள பேசுற நேரம் வெளியில புள்ளைகளைப் பாத்துக்க யாராவது வேணும். நீ வா" என்றாள். போனேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக நானும் ஒரு அறைக்குப் போய், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவரோடு பேசுகிறவள்தான். ஏன் என்பது இந்த வலைப்பதிவின் எந்த மூலையிலும் கிடைக்காது. அது என் சொந்த விஷயம். போகிறேன் என்பதை மட்டும் மறைக்கமாட்டேன். "கோயிலுக்குப் போறதாச் சொல்லிட்டுப் போயேன்" என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. பல்லுப் பிடுங்கப் போகிறவளிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. பெண்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றுப் பெயர்களை அவர்களே தெரிவு செய்தார்கள். இங்கே மாரியாயி என்று வரும் அக்கா முதலில் ஒரு சினிமா நடிகையின் பெயரைத்தான் கேட்டார்; மற்றவர்கள் விடவில்லை. வெளியிடுவதற்கு முன் முழுப் பதிவையும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை வெட்டச் சொன்னார்கள், வெட்டிவிட்டேன். ஓரிடத்தில் "இன்னும் கொஞ்சம் காரமா எழுதுங்க தங்கச்சி" என்றார்கள். அதையும் செய்திருக்கிறேன்.

கண்டியிலிருந்து காலை ஆறு பத்துக்கு மாத்தளை பஸ். இருபத்தாறு கிலோமீற்றர், சாதாரண பஸ்ஸில் 120 ரூபா. ஞாயிறு விடியலில் அக்குறணை வீதி வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு மணித்தியாலத்தில் மாத்தளை வந்துவிட்டது. வாரநாளென்றால் இதே தூரத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

பர்ஹானா பஸ் நிலையத்தில் இரண்டு பாய்ச் சுருள்களோடும் ஒரு பையோடும் நின்றாள். பையிலிருந்து ஒரு பொதியை எடுத்து என் கையில் திணித்தாள். ரொட்டியும் கட்டச்சம்பலும்.

"உம்மா தந்தா. எனக்கில்ல, உனக்கு. நீ மெலிஞ்சிட்டியாம்."

"அவங்க என்னைப் பாத்து ஒரு வருஷமாச்சேடி."

"பாக்காமலே தெரியுமாம்."

எல்கடுவ பஸ் எட்டேகாலுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் குறைவாகத்தான் ஓடும். அதைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். காத்திருந்த நேரத்தில் பர்ஹானா உம்மாவின் புதுக் கதையைச் சொன்னாள். பக்கத்து வீட்டு ராத்தா வந்து, "ஒங்கட மகள் பைத்தியம் புடிச்சவங்களோடயா வேலை செய்ற?" என்று கேட்டிருக்கிறார். உம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "அப்பிடி ஒன்டும் கட்டாயமில்ல. ஒங்கள மாதிரி ஆக்களும் போகலாம்" என்றாராம். அதற்குப் பிறகு ராத்தா சீனி கேட்டு வருவதில்லை.

பஸ் உக்குவளை தாண்டி மேலே ஏறத் தொடங்கியதும் மிளகுக் கொடிகளும் ஜாதிக்காய் மரங்களும் பின்னால் போய்விடுகின்றன. காற்று மாறுகிறது. பிறகு தேயிலைதான். பதினைந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, 80 ரூபா, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். வளைவுகளில் குமட்டுகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள்.

டிக்கெட் கிழித்த கண்டக்டர் எங்கள் பாய்ச் சுருள்களைப் பார்த்தான். "ஃபோல்ஸ் பாக்கவா? அங்க பாய் விரிக்க விடமாட்டாங்களே."

"வேலையாப் போறோம் தம்பி" என்றாள் பர்ஹானா.

"என்ன வேலை?"

"உளவளத்துணை."

அவன் விழித்தான். முன் சீட்டில் மரக்கறிப் பையோடு இருந்த ஒரு பெண் திரும்பி அவனுக்கு விளக்கம் சொன்னார். "மனசு சரியில்லாதவங்களோட பேசுறது." பிறகு என்னை இரக்கத்தோடு பார்த்து, "ஆருக்கு, ஒங்க வீட்டாளுக்கா?" என்றார்.

"எனக்குந்தான் அக்கா, நானும் அப்பிடி ஒருத்தர்கிட்ட போறவதான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

கண்டக்டர் மிச்சக் காசை அவசரமாகத் தந்துவிட்டுப் பின்னால் போனான். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு மூன்று வளைவுகள் கழிந்தன. பிறகு எங்களைப் பார்க்காமலே கேட்டார். "ராத்திரியில நித்திரை வராததுக்கும் பாப்பாங்களா?"

பர்ஹானா எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இதற்காகத்தான் நான் கோயிலுக்குப் போவதாகச் சொல்வதில்லை.

எதற்காகப் போகிறோம் என்பதைப் பர்ஹானா முன்பே சொல்லியிருந்தாள். தைப்பொங்கல் முடிந்த கிழமை, அந்தத் தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவிகள் துரத்திக் கொட்டின. ஒன்பது பேர் வைத்தியசாலையில். எல்லாரும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் திரும்பிய பிறகு ஒருவரும் அந்த மலைக்குப் போகவில்லை. சிலர் எந்த மலைக்கும் போகவில்லை. நிர்வாகம் முதலில் இதை வேலைக்கு வராமலிருக்க ஒரு சாட்டு என்றது. பிறகு யாரோ "மனப் பயம்" என்ற சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பயம் என்றால் அதைப் போக்க ஆள் இருக்கிறதே என்று பர்ஹானாவின் குழுவைக் கூப்பிட்டார்கள்.

எல்கடுவச் சந்தியிலிருந்து தோட்டத்துக்கு நான்கு கிலோமீற்றர், முச்சக்கர வண்டிக்கு 700 ரூபா. ஓட்டிவந்தவர் அந்தத் தோட்டத்துக்காரர், பெயர் ராஜு என்று வைத்துக்கொள்வோம். லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், கண்ணுக்குத் தெரியும் வளைவிலேயே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார். "இதுக்கு மேல நடந்துருங்க. ஒரு எட்டுத்தான்."

"ரோட்டு உடைஞ்சிருக்கா அண்ணே?" என்று கேட்டேன்.

"ரோட்டு நல்லாத்தான் இருக்கு. லயத்துல சில பேருக்கு இந்த எஞ்சின் சத்தம் ஆகாது. பொங்கலுக்குப் பொறகு நான் மேல ஸ்டார்ட்ல போறதில்ல."

இதைப் பர்ஹானாவும் கேட்டாள். கேட்டுத் தலையாட்டினாள். பிறகு நடந்ததை நினைத்தால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கூடும் இடம் பிள்ளைக் காம்பரா. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். முழங்கால் உயர நாற்காலிகள், சுவரில் வரைந்த யானை, கூரை வளையில் முடிந்து மேலே தூக்கிப் போட்ட தொட்டில் சேலைகள். கதவைத் திறந்துவிட்டு வெளிக்கள உத்தியோகத்தர் நின்றார். எல்லாரும் அவரை ஐயா என்கிறார்கள். நாற்பது வயதிருக்கும், முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"நல்லாப் பேசிவிடுங்க மிஸ். நாளைக்குப் பெரட்டுல ஏழாம் நம்பருக்கு ஆள் போடணும். அஞ்சு கிழமையாக் கொழுந்து முத்திக் கெடக்கு, மேலயிருந்து என்னையப் போட்டு வாங்குறாங்க" என்றார். பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி, யாருக்கு எந்த மலை என்று பிரிக்கும் இடம்.

"கூடு?" என்றாள் பர்ஹானா.

"எடுத்தாச்சு."

கொட்டு வாங்கிய ஒன்பது பேரில் ஏழு பெண்கள் வந்தார்கள். பிள்ளைகளை நான் முற்றத்துக்குக் கூட்டிப் போனேன். பர்ஹானா கதவைச் சாத்தினாள். அவளுடைய பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்: பேசுவது வெளியே கேட்கக்கூடாது.

ஒரு பத்து நிமிடம் போயிருக்கும். உள்ளே பர்ஹானாவின் மெல்லிய குரல் கேட்டது. கண்ணை மூடச் சொல்கிறாள், மூச்சை இழுக்கச் சொல்கிறாள். பதற்றத்தைத் தணிக்க அவள் எல்லாக் கூட்டங்களிலும் முதலில் செய்விக்கும் பயிற்சி அது. எனக்கும் செய்து காட்டியிருக்கிறாள். வாயை மூடி, மூச்சை விடும்போது வண்டு போல ரீங்காரமிட வேண்டும். மண்டைக்குள் இதமாக அதிரும்.

பர்ஹானா ரீங்காரமிட்டாள்.

அடுத்து நான் கேட்டது நாற்காலிகள் உருளும் சத்தம். யாரோ கதவில் முட்டினார்கள், அது உள்ளே இழுத்துத் திறக்கும் கதவு, இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்ததால் திறக்க முடியவில்லை. நான் ஓடிப்போய் வெளியிலிருந்து தள்ளினேன். இடுக்கில் ஒரு கை தெரிந்தது. ஒருவழியாகத் திறந்ததும், துவாயால் தலையையும் முகத்தையும் இழுத்து மூடியபடி பெண்கள் என்னைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒருத்தர் முற்றத்தின் நடுவில் குந்தி, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர்தான் செல்வராணி. பிள்ளைகள் அழத் தொடங்கின.

பர்ஹானா வாசலில் நின்றாள். பயிற்சி எடுத்தவர்கள் இந்த இடத்தில் சொல்லக்கூடிய ஒரு வசனம் இருக்கிறது: "பதற்றப்படாதீங்க, ஒன்றுமில்ல." அவள் அதைச் சொல்லவில்லை. கதவின் இரண்டு பலகைகளையும் அகலத் திறந்து, அவை மூடாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி நாற்காலியை முட்டுக் கொடுத்தாள். படிக்கட்டின் கடைசிப் படியில், எல்லாரையும்விடத் தாழ்வாக உட்கார்ந்தாள்.

"நான் செஞ்சது பிழை. குளவி கொட்டினவங்களுக்கு முன்னால நான் அந்தச் சத்தம் போட்டிருக்கக் கூடாது. ராஜு அண்ணன் வண்டியவே கீழ நிப்பாட்டினார், அதைப் பாத்தும் எனக்கு மூளை ஓடல்ல. மன்னிச்சுக்கோங்க."

பிறகு மாரியாயி அக்கா துவாயை முகத்திலிருந்து இறக்கினார்.

"ஏம் புள்ள, பாம்பு கடிச்சவங்ககிட்டப் போனா சீறிக் காட்டுவியா?"

முதலில் ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லாரும். அழுதுகொண்டே சிரிப்பது எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். செல்வராணி மட்டும் எழுந்திருக்கவில்லை. பர்ஹானா அவரைத் தொடவில்லை. "செல்வராணி அக்கா, நான் இங்கதான் இருக்கேன். ஒங்களுக்கு எப்ப சரியோ அப்ப" என்று மட்டும் சொன்னாள்.

மாரியாயி அக்கா ஒரு பிள்ளையை அனுப்பி லயத்திலிருந்து சாயத் தண்ணி கொண்டுவரச் சொன்னார். பால் விடாத தேத்தண்ணி, கொதிக்கக் கொதிக்க. எல்லாரும் குவளையை வாயருகே வைத்து ஊதினோம். பர்ஹானா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "இதுதான். இதைத்தான் நான் கேட்டிருக்கணும். மெதுவா ஊதுங்க, குடிக்க அவசரமில்ல" என்றாள். மூச்சு நீளமாக வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்கு வண்டும் வேண்டாம், கண்ணை மூடவும் வேண்டாம். செல்வராணியும் முற்றத்தில் இருந்தபடியே ஊதினார்.

"இப்ப சொல்லுங்க, எங்க, எப்பிடி உக்காந்தா ஒங்களுக்கு நல்லம்?"

இதற்கு ஏழு பேரும் ஏழு பதில் சொல்லிச் சண்டை போட்டார்கள். கடைசியில் முடிவானது இது: காம்பராவுக்குள்ளேதான், ஆனால் கதவு திறந்திருக்க வேண்டும். முதுகு சுவரில் சாய்ந்திருக்க வேண்டும். எல்லாரும் மலையைப் பார்த்த மாதிரி. "எது வந்தாலும் மொதல்ல நாங்க காணணும்" என்றார் செல்வராணி. பிள்ளைகளும் உள்ளே, நானும் உள்ளே.

"வெளியே கேட்குமே, பரவாயில்லையா?" என்றாள் பர்ஹானா.

மாரியாயி அக்கா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "லயத்துல ஒரு காம்பராவுல தும்முனா மத்தக் காம்பராவுல இருந்து 'நூறு வயசு'ன்னு சத்தம் வரும். எங்களுக்கு எதுக்கும்மா கதவு?"

உள்ளே பேசியதில் அவர்கள் எழுதச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். செல்வராணிக்கு முகம் வீங்கி, கண் எங்கே மூக்கு எங்கே என்று தெரியாமல் இருந்திருக்கிறது. வார்டுக்கு ஓடிவந்த அவருடைய கணவர், பக்கத்துக் கட்டிலில் அதே மாதிரி வீங்கிக் கிடந்த மாரியாயி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு "என் ராணி, என்னய விட்டுப் போயிராத" என்று அழுதாராம்.

"நான் ஏன் வாயத் தொறக்கிறேன்? முப்பது வருசத்துல எம் புருசன் ஒரு நாளாவது அப்பிடிச் சொல்லியிருக்கா? முழுசாக் கேட்டுட்டுத்தான், 'தம்பி, ஒன் ராணி அந்தக் கட்டில்ல'ன்னேன்."

செல்வராணி துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வார்டில் கவனித்தவர்கள் நல்லவர்கள், ஆனால் சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள், இவர்களுடைய பேச்சு அவர்களுக்கு விளங்கவில்லை. இரவில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்பதைச் சொல்ல, யாரோ ஒருவரைப் பார்க்க வந்த, முன்பின் தெரியாத ஒரு ஆணை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். அவரிடம் செல்வராணி சொன்னது, "ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன்." அதுதான் மருத்துவக் குறிப்பில் ஏறியிருக்கும். அறியாத ஓர் ஆணின் வாய்வழியாக ஒரு பெண்ணின் நெஞ்சு எப்படி வெளியே வரும்?

வீட்டுக்கு வந்த பிறகு, மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் செல்வராணி மேசைக்கு அடியில் பூந்துவிடுகிறார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரிவதில்லை. சின்ன மகள் அதை விளையாட்டு என்று நினைத்துத் தானும் பூந்துகொள்கிறாள்.

"இதுல எது மாறணும்ன்னு நீங்க நெனக்கிறீங்க?" என்று பர்ஹானா கேட்டாள்.

செல்வராணி குவளையைக் கீழே வைத்தார். "மேசைக்கு அடியில போகாம இருந்தாப் போதும். மக பாக்குறா." பிறகு, திறந்த கதவு வழியாக மலையைக் காட்டினார். "ஆனா அந்தப் பயத்த எடுக்காதீங்க மிஸ். அந்த மரத்துல இன்னும் ரெண்டு கூடு இருக்கு."

"எடுத்தாச்சுன்னு ஐயா சொன்னாரே."

"கீழ் கொப்புல இருந்தத எடுத்தாங்க. மேல ரெண்டு இருக்கு. என் பயம் போயிருச்சுன்னா, நாளைக்கு நான் சிரிச்சுக்கிட்டே போய் அதுக்குக் கீழ நிப்பேன். அதுக்கா நீங்க வந்தீங்க?"

அந்தக் கேள்வி என் நாற்காலிக்கும் வந்து சேர்ந்தது. எனக்கும் சிலர், சீக்கிரம் சரியாகி மறுபடி அதே இடத்தில் போய் நில் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடம் சரியாக இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஐயா வந்தார். எல்லாரும் சாய்ந்து உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பதைக் கண்டு அவருக்கு மகிழ்ச்சி.

"ஆ, முடிஞ்சுது போல. நாளைக்கு எல்லாரும் வருவாங்கதானே மிஸ்?"

"ஐயா, இவங்கள மலைக்கு ஏத்துறது என் வேலையில்ல" என்றாள் பர்ஹானா.

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"இவங்க என்ன கேக்குறாங்களோ அதுக்கு. கூடு இன்னும் இருக்குதாமே?"

"அதெல்லாம் பழைய கூடு. காலி."

செல்வராணி எழுந்தார். துவாயைத் தலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்ப வாங்க ஐயா, பாப்போம்" என்றார்.

பிள்ளைகளை லயத்தில் விட்டுவிட்டு எல்லாரும் ராஜு வண்டியை நிறுத்திய வளைவு வரை நடந்தோம். அங்கிருந்து ஏழாம் நம்பர் மலை நேரே தெரிகிறது. நடுவில் ஒரு பெரிய அல்பீசியா மரம். மேல் கொப்புகளில், கறுத்த தோல் பை தொங்கவிட்ட மாதிரி இரண்டு. இவ்வளவு தூரத்திலிருந்து அவை அசையாமல்தான் இருந்தன.

"காலிதான்" என்றார் ஐயா மறுபடி.

"அப்பிடின்னா ஐயா ஏறி ஒரு தட்டுத் தட்டுங்க. நாங்க கூடையோட பின்னாலயே வாறோம்" என்றார் மாரியாயி அக்கா.

ஐயா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கும் மேலே ஒருவர். "நான் தொரைகிட்ட என்னன்னு சொல்ல? கவுன்சிலிங் குடுத்தும் பயம் போகலைன்னா?"

"பயம் போகலைன்னு சொல்லாதீங்க ஐயா" என்றார் செல்வராணி. "கூடு போகலைன்னு சொல்லுங்க."

யாரும் கைதட்டவில்லை. ஐயா எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. தலை குனிந்தபடி இறங்கிப் போனார். பெண்கள் அங்கேயே நின்று, நாளைக்குப் பெரட்டில் யார் முதலில் வாயைத் திறப்பது என்று பேசிக்கொண்டார்கள். வேறெந்த மலை என்றாலும் போவோம், ஏழாம் நம்பருக்கு மட்டும் பேர் கொடுக்கமாட்டோம். ஒருத்தரைப் பிரித்துக் கூப்பிட்டாலும் ஒருத்தரும் போகக்கூடாது. இதை ஒரு கூட்டு உளவளத்துணை அமர்வு என்று பர்ஹானாவின் குழுவில் யாராவது ஒத்துக்கொள்வார்களா தெரியாது. அன்று அந்த வளைவில் செல்வராணி துவாயைத் தலையிலிருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டதை நான் கண்டேன்.

எல்கடுவயிலிருந்து மாத்தளைக்குத் திரும்ப மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்தோம். பாதி வழியில் பர்ஹானா, "அந்தப் பயிற்சிய எத்தனை எடத்துல செஞ்சிருப்பேன் தெரியுமா? எல்லாருக்கும் நல்லம்ன்டு நெனச்சேன்" என்றாள். உம்மாவின் ரொட்டியில் மிச்சமிருந்ததைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தேன். சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை செல்வராணியின் குரல் பதிவு வந்தது. பின்னால் ஒரே இரைச்சல். ஏழாம் நம்பருக்குப் பேர் கூப்பிட்டார்களாம், ஏழு பேரும் நின்ற இடத்தில் நின்றார்களாம். அவர்களோடு, குளவி கொட்டாத பெண்களும் நின்றுவிட்டார்களாம். வெயில் ஏறும்வரை வைத்திருந்துவிட்டு மூன்றாம் நம்பர் மலைக்கு அனுப்பினார்கள். நேரம் போய்விட்டது என்று அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். "பரவாயில்ல" என்றது குரல். "பாதி நாள்தானே போச்சு." அதற்குப் பிறகு பர்ஹானா இரண்டு முறை போய்வந்திருக்கிறாள். மேசைக்கு அடியில் இப்போது சின்ன மகள் மட்டும்தான் பூந்துகொள்கிறாளாம். அம்மாவைக் கூப்பிட்டால் வருவதில்லை என்று முறைப்பாடு.

இனி, போக நினைப்பவர்களுக்கு. மலையைப் பார்க்கப் போனாலும் சரி, உங்கள் சொந்தப் பயத்தோடு ஓர் அறையைத் தேடிப் போனாலும் சரி.

ஞாயிறென்றால் மாத்தளையிலிருந்து எட்டேகால் பஸ்ஸை விடாதீர்கள். திரும்பும் பஸ் நேரத்தைச் சந்தியில் இறங்கும்போதே கேட்டுவையுங்கள். லயங்களுக்குப் பக்கத்தில் முச்சக்கர வண்டியில் போனால் கீழேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஏன் என்று ஓட்டுனருக்குத் தெரியும். கடும் வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு தேயிலைக்குள் படமெடுக்கப் போகாதீர்கள். குளவிக் கூட்டைக் கண்டால் கல்லெறிவது வீரமில்லை. நீங்கள் காரில் ஏறிவிடுவீர்கள், அங்கே கூடையோடு நிற்பவர்கள் எங்கே ஏறுவார்கள்?

அறையைத் தேடிப் போகிறவர்களே, உங்கள் மொழியில் பேசக்கூடியவர் வேண்டும் என்று கேளுங்கள். மொழிபெயர்க்க உங்கள் மாமாவையோ பக்கத்து வீட்டுக்காரரையோ வழியில் போகிறவரையோ கூப்பிட்டால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கதவு திறந்திருக்க வேண்டுமா, மூட வேண்டுமா என்பதை நீங்கள் சொல்லுங்கள். கண்ணை மூடச் சொன்னால் மூட வேண்டியதில்லை. நடந்ததை முதல் நாளே சொல்லவும் வேண்டியதில்லை, கடைசி வரை சொல்லாமலும் விடலாம். ஒரு பயிற்சி உங்களுக்கு ஒத்துவரவில்லையென்றால் எழுந்து ஓடுங்கள். அப்போது எதிரில் இருப்பவர் உங்களைக் குறை சொன்னால் திரும்பிப் போகாதீர்கள். வாசலில் கீழ்ப்படியில் வந்து உட்கார்ந்தால், இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்த கிழமையில் இதை எழுதுகிறேன். அந்த இரண்டு கூடுகளும் இன்னும் அங்கேதான். பெண்களும் இன்னும் அங்கே போகவில்லை. எல்கடுவயிலிருந்து தோட்டத்துப் பாதையில் போனால், ஒரு வளைவில் எதிர்ப்பக்க மலை தெரியும். சுற்றியுள்ள மலைகளெல்லாம் வாரிவிட்ட தலை மாதிரி ஒரே மட்டத்தில் இருக்க, நடுவில் ஒன்று மட்டும் வெட்டாத முடி போல உயர்ந்து, காற்றில் வெளிர்பச்சையாக அலையும். மிக அழகாக இருக்கும். நிறுத்திப் படமெடுப்பீர்கள். எடுங்கள். ஆனால் படத்துக்குக் கீழே "கைவிடப்பட்ட தோட்டம்" என்று எழுதிவிடாதீர்கள். அதை யாரும் கைவிடவில்லை. ஏழு பெண்கள் மறுத்த மலை அது.